மகளின் சாமத்திய வீட்டுக்குப் பலகாரம் சுடப் பயமாக இருக்கிறது, டொக்டர்

கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு கிராமத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவருக்கு 37 வயது. முன்பள்ளி ஆசிரியை. கணவர் வயல் செய்கிறார். இரண்டு பிள்ளைகள். மூத்த மகள் அண்மையில் பெரியபிள்ளையாகிவிட்டாள். அடுத்த மாதம் சாமத்திய வீடு. உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 75 கிலோ. வருடத் தொடக்கத்தில் வைத்தியசாலையில் பார்த்தபோது வெறும் வயிற்றுச் சீனி 112 என்று வந்திருக்கிறது. நிறையைக் குறைக்காவிட்டால் நீரிழிவு வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவருடைய தகப்பனார் நீரிழிவால் ஒரு காலை இழந்தவர். அந்தப் பயத்தில் மறுநாளே காலைச் சாப்பாட்டை நிறுத்தினார். மத்தியானம் கொஞ்சம் குரக்கன் பிட்டு மட்டும். சீனியை விட்டு, பனங்கட்டியோடு ஒரு நாளைக்கு ஐந்து ஆறு தரம் பிளேன்ரீ. முதலில் நான்கு கிலோ குறைந்தது. பிறகு அதில் மூன்று கிலோ திரும்பி வந்துவிட்டது.

பின்னேரமானால்தான் பிரச்சினை. முன்பள்ளியில் யாராவது பிள்ளையின் பிறந்தநாள் கேக், பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோவில் ஒரு பணிஸ், அயல் வீட்டிலிருந்து கோயில் மோதகம் என்று ஏதாவது வரும். "ஒரு துண்டு வாயில வைச்ச உடனேயே இண்டைக்கும் போச்சு எண்டு மனம் சொல்லுது. போனது போனதுதானே எண்டு மிச்சத்தையும் சாப்பிடுறன். பிள்ளையள் படுத்த பிறகு குசினி லைற்றைப் போடாமல் நிண்டு சாப்பிட்டிருக்கிறன்" என்று எழுதுகிறார். மறுநாள் தண்டனையாகப் பட்டினி. இரண்டு முறை தானாகவே வாந்தி எடுத்திருக்கிறார். பேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து நிறை குறைக்கும் மாப்பொடி ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறார்.

இன்னொரு வரியையும் அப்படியே தருகிறேன், இந்தப் பதிலின் முக்கியமான பகுதி அதைப் பற்றியது என்பதால்: "2009இல கஞ்சிக்கு வரிசையில நிண்ட நான், இண்டைக்குக் கேக்கைத் திண்டுபோட்டு உடம்பு குறையேல்லை எண்டு அழுகிறன். எனக்கே வெக்கமாக் கிடக்கு."

அவருடைய கேள்விகள் மூன்று. இந்தக் குற்ற உணர்வை எப்படி நிறுத்துவது? எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா? சாமத்திய வீட்டுக்குப் பலகாரம் சுடும் நாட்களில் நான் குசினிப் பக்கமே போகாமல் இருக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் 112 என்ற எண்ணைப் பற்றிப் பேசிவிடுவோம், உங்கள் பயமெல்லாம் அதில்தான் தொடங்குகிறது. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் வந்து, அது இன்னொரு பரிசோதனையிலும் உறுதியானால்தான் நீரிழிவு என்போம். உங்களுடையது அதற்கு முந்திய படி. எச்சரிக்கையாக எடுக்கவேண்டியதுதான், ஆனால் திரும்பி வரக்கூடிய இடம். உங்கள் உயரத்துக்கு 75 கிலோ கூடுதல் என்பதும் உண்மை. உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் உடற்திணிவுச் சுட்டி (BMI) 31 வருகிறது. எங்கள் ஆசிய உடம்புகளுக்கு 23க்கு மேலேயே கவனம் வேண்டும், 27.5க்கு மேல் ஆபத்து அதிகம். ஆகவே குறைக்கச் சொன்னது சரியான அறிவுரை. எவ்வளவு, எப்படி என்று யாரும் உட்கார்ந்து சொல்லாமல் விட்டதுதான் குறை.

எவ்வளவு என்று கேட்டால், நான்கு முதல் ஐந்து கிலோ. அவ்வளவுதான். அமெரிக்காவில் உங்களைப் போல எல்லைக்கோட்டில் நின்ற 3,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. உடல் நிறையில் 7 வீதத்தைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இரண்டு இலக்குகளோடு வாழ்க்கை முறையை மாற்றிய குழுவில், நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. எங்களுக்கு நெருக்கமான இன்னொன்று இந்தியாவில் நடந்து 2006இல் வெளிவந்தது. அதில் வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்கு நிறை பெரிதாகக் குறையாமலே ஆபத்து 28 வீதமளவில் குறைந்தது. தராசு அசையாத வாரத்திலும் உங்கள் நடையும் சாப்பாட்டு மாற்றமும் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. சாமத்திய வீட்டு அல்பத்தில் கலியாணத்து உடம்போடு நிற்கவேண்டும் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆசை வேறு, இந்த மருத்துவத் தேவை வேறு. இரண்டையும் ஒரே தராசில் ஏற்றவேண்டாம்.

ஒரு பணியாரம் என்ன செய்யும்?

ஒரு பயத்தம் பணியாரத்துக்கு 150 கலோரி என்று கூட்டியே வைப்போம். உடம்பில் ஒரு கிலோ கொழுப்புச் சேர 7,000 கலோரிக்கு மேல் மிகுதியாக வேண்டும். மூன்று பணியாரம் சாப்பிட்ட மறுநாள் காலையில் தராசு ஒரு கிலோ கூடக் காட்டினால், அது கொழுப்பாக இருக்கவே முடியாது. மாச்சத்தை உடம்பு சேமிக்கும்போது அதைப் போல மூன்று மடங்கு தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கும். உப்பும் தண்ணீரைப் பிடிக்கும். இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். நீங்கள் அந்த ஒரு கிலோவைப் பார்த்து அழுது பட்டினி கிடந்த நாட்களில் தண்ணீருக்காகத்தான் அழுதிருக்கிறீர்கள்.

அதேசமயம், நீங்கள் கணக்கில் எடுக்காத ஒன்று தினமும் உள்ளே போகிறது. பனங்கட்டி. அது எங்கள் மண்ணின் பொருள், எனக்கும் பிடித்தது. ஆனால் இரத்தத்தில் ஏறும்போது அது சீனிதான். ஐந்து ஆறு பிளேன்ரீயோடு கடிக்கிற பனங்கட்டி ஒரு நாளைக்கு 50 கிராம் வந்தால், 200 கலோரிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஒரு வாரத்துக்கு அது எட்டு ஒன்பது பணியாரம். இதுவரை அதற்காக ஒருநாளும் நீங்கள் அழவில்லை. இனி அழவும் வேண்டாம். பிளேன்ரீயை மூன்றாகக் குறைத்து, அதில் ஒன்றுக்கு மட்டும் ஒரு சிறு துண்டு பனங்கட்டி வைத்துக்கொள்ளுங்கள். குரக்கனும் அப்படித்தான். நார்ச்சத்து இருக்கிறது, நல்லது, ஆனால் அதுவும் மாச்சத்துத்தான். தனிக் குரக்கன் பிட்டைச் சாப்பிட்டுவிட்டு மீனோ பருப்போ முட்டையோ இல்லாமல் இருந்தால் நான்கு மணிக்குப் பசி கண்ணை மறைக்கத்தான் செய்யும்.

மனக்கட்டுப்பாடு இல்லையா என்ற கேள்வி

நீங்கள் காலையில் சாப்பிடுவதில்லை. மத்தியானம் பாதி வயிறு. முப்பது பிள்ளைகளோடு கத்தி வேலை செய்துவிட்டுப் பின்னேரம் வீடு வருகிறீர்கள். அந்த நேரத்தில் இனிப்பான ஒன்று கண்ணில் பட்டால் கை போகாமல் இருப்பதுதான் அதிசயம். இதற்கு மனக்கட்டுப்பாடு என்று பெயர் வைத்து உங்களை நீங்களே திட்டுவது நியாயமில்லை. அது பசி.

அதற்கு அடுத்த கட்டம்தான் முக்கியம். ஒரு துண்டு கேக் சாப்பிட்டதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. "இண்டைக்கும் போச்சு" என்று மனம் சொன்ன பிறகு சாப்பிட்ட மற்ற நான்கு துண்டுதான் நிறையைத் திருப்பிக் கொண்டுவந்தது. அந்த நான்கையும் சாப்பிட வைத்தது ஆசை அல்ல, குற்ற உணர்வு. "நான் என்னை இவ்வளவு பேசியும் திருந்துகிறேன் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். பேசுவதால்தான் திருந்த முடியாமல் இருக்கிறது என்று நான் சொல்கிறேன். குற்ற உணர்வு உங்களைத் தடுத்து நிறுத்தும் என்று நம்புகிறீர்கள். உங்கள் கடிதத்தை வரிவரியாகப் பார்த்தேன், அது ஒருமுறைகூடத் தடுத்து நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த பிளேற்றுக்குத்தான் தள்ளியிருக்கிறது.

இது என் அபிப்பிராயம் மட்டுமல்ல. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், உணவைக் கட்டுப்படுத்திவரும் பெண்களுக்கு முதலில் ஒரு டோனட் கொடுத்தார்கள். பிறகு சிலரிடம் மட்டும், "எல்லாரும் இப்படிச் சாப்பிடுவதுதான், உங்களை நீங்களே கடிந்துகொள்ளவேண்டாம்" என்று சொன்னார்கள். அடுத்து எல்லாருக்கும் முன்னால் இனிப்பை வைத்தார்கள். ஆறுதல் சொல்லப்பட்டவர்கள்தான் குறைவாக எடுத்தார்கள். நியூசிலாந்தில் 2014இல் வந்த இன்னொன்றில், சொக்கலேற் கேக் என்றதும் குற்றம் என்று நினைப்பவர்களையும் கொண்டாட்டம் என்று நினைப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். நிறை குறைக்க விரும்பியவர்களுக்குள், குற்றமாக நினைத்தவர்கள் மூன்று மாதத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வெற்றி கண்டார்கள்.

இதிலிருந்து நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. இனிப்புச் சாப்பிட்டுவிட்டால், அடுத்த வேளைச் சாப்பாட்டை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். பின்னேரம் கேக் சாப்பிட்ட நாளிலும் இரவு இரண்டு ரொட்டியும் சம்பலும் கீரையும் உண்டென்று தெரிந்தால், குசினி லைற்றைப் போடாமல் நிற்கிற தேவை தானாகக் குறையும். காலைச் சாப்பாட்டை நாளைக்கே திரும்பத் தொடங்குங்கள்: அவித்த கௌபியோ பயறோ ஒரு கோப்பை, கொஞ்சம் தேங்காய்ப்பூவோடு; அல்லது மூன்று இடியப்பமும் முட்டையும். மத்தியானம் தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு குளத்து மீன் அல்லது பருப்பு. குத்தரிசியாக இருந்தால் நல்லது, ஆனால் குத்தரிசி என்பதற்காக இரண்டாம் முறை போடவேண்டாம். முதல் வாரம் நிறை கொஞ்சம் கூடினாலும் பயப்படவேண்டாம். பட்டினியிலிருந்து ஒழுங்கான சாப்பாட்டுக்கு வரும்போது அப்படி நடப்பதுண்டு.

கஞ்சி வரிசை

இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2009இல், போரின் கடைசி மாதங்களில், உங்களுக்கு 21 வயது இருந்திருக்கும். அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட அந்தக் கஞ்சிக்குக் கோப்பையோடு நின்ற வரிசைகளில் ஷெல் விழுந்ததையும், உங்கள் அம்மா தன் பங்கை உங்களுக்குத் தந்துவிட்டுத் "எனக்குப் பசிக்கேல்லை" என்று சொன்னதையும், தம்பி திரும்பி வராததையும் இரண்டே வரியில் எழுதிவிட்டு, உடனே கேக்கைப் பற்றி எழுதப் போய்விட்டீர்கள். கடந்த மே மாதம் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்றுதான் மிக மோசமாகச் சாப்பிட்டதாகவும் சொல்கிறீர்கள். எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை.

பசியால் வாடிய உடம்பும் மனமும் அதை இலகுவில் விடாது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944–45இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் பாதிச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தாமாக முன்வந்தவர்கள். வெளியே போர் இருந்தாலும் அவர்கள் தலைக்கு மேல் குண்டு விழவில்லை. முடியும் திகதி தெரியும். அப்படியிருந்தும் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். ஒழுங்கான உணவு திரும்பிக் கிடைத்த பிறகும், வயிறு முட்டியும் பசி தீராமல் சிலர் நோய்வாய்ப்படும் அளவுக்குச் சாப்பிட்டார்கள். பழைய நிலைக்கு வர மாதக்கணக்கானது. நீங்கள் அனுபவித்ததோடு அதை ஒப்பிடவே முடியாது. அப்படியானால் நீங்கள் இப்போது காலையும் மத்தியானமும் உங்களை வேண்டுமென்றே பட்டினி போடும்போது, உங்கள் உடம்பு அதை "நிறை குறைக்கிறேன்" என்று விளங்கிக்கொள்ளும் என்றா எதிர்பார்க்கிறீர்கள்? அது 2009இன் அந்த மே மாதத்தைத்தான் நினைவில் எடுக்கும். கிடைக்கும்போது சாப்பிட்டுவிடு என்று சொல்லும். பிள்ளைகள் தட்டில் விட்ட சோற்றை எறிய மனம் வராமல் நீங்களே சாப்பிடுவதும் இதில் ஒன்று. வன்னியில் நான் கண்ட எத்தனையோ தாய்மார் அப்படித்தான். எறிவது பாவமென்று தோன்றினால் எறியவேண்டாம். அரைச் சுண்டு அரிசி குறைத்துப் போடுங்கள், பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சமாகப் போட்டுக் கேட்டால் பிறகு போடுங்கள், மிஞ்சினால் கோழிக்குப் போகட்டும். உங்கள் வயிறு அந்தப் பாவத்தைச் சுமக்கவேண்டியதில்லை.

இனி அந்த வெட்கம். "கஞ்சிக்கு நின்ற நான் கேக்கைத் தின்று அழுகிறேன்" என்றால், இங்கே இரண்டு குற்ற உணர்வுகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, நிறை கூடுகிறதே என்பது. மற்றது, அவர்கள் இல்லை, நான் இருக்கிறேன், நல்லாகச் சாப்பிடவும் செய்கிறேன் என்பது. முதலாவதை உணவாலும் நடையாலும் சமாளிக்கலாம். இரண்டாவதை எந்த உணவுக் கட்டுப்பாடும் தீர்க்காது. நீங்கள் பத்துக் கிலோ குறைந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். அதற்கு ஒருவரோடு இருந்து பேசவேண்டும், அழவேண்டும், தம்பியின் பெயரைச் சொல்லவேண்டும். அம்மா தன் கஞ்சியை உங்களுக்குத் தந்தது நீங்கள் சாப்பிடவேண்டும் என்பதற்காக. அதற்குக் கணக்குக் காட்டுவதற்காகப் பட்டினி கிடக்கும்படி அவர் கேட்டிருக்கமாட்டார்.

உடனே நிறுத்தவேண்டிய இரண்டு

வாந்தி எடுப்பது முதலாவது. வெளியே வருவது சாப்பிட்டதில் ஒரு பகுதிதான். ஆகவே அதனால் நிறையும் குறையாது. தொடர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே குழம்பலாம், பல்லின் மேற்படை அரிக்கும், தொண்டைக் குழாய் புண்ணாகும். இரண்டு முறைதானே என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு நிம்மதி, ஆனால் மூன்றாவது வேண்டாம். கட்டுப்பாடு இழந்து பெருமளவு சாப்பிடுவது வாரத்துக்கு ஒரு தரமாவது மூன்று மாதமாகத் தொடர்ந்தால், அது சிகிச்சை உள்ள ஒரு நோய்நிலை. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் அதற்கு அருகில் நிற்கிறீர்கள். ஆகவே தள்ளிப்போடாமல் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கிலும் இருக்கிறது. காசு இல்லை. "விசர் எண்டு சொல்லுவினம்" என்ற பயம் உங்களுக்கு இருப்பது தெரியும். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் நித்திரை இல்லாமலும் துக்கம் தாங்காமலும் வருகிற உங்களைப் போன்ற ஆட்கள்தான். பெண் உத்தியோகத்தரோடு பேசவேண்டும் என்று கேட்கலாம். நீங்கள் சொல்வதை உங்கள் அனுமதி இல்லாமல் கணவருக்கோ மாமிக்கோ சொல்லக்கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை அது.

இரண்டாவது, அந்த மாப்பொடி. திறக்கவேண்டாம், திறந்திருந்தால் நிறுத்துங்கள். நிறை குறைக்கும் பொடி, தேயிலை என்று இணையத்தில் விற்கப்படும் சிலவற்றில் சிபுட்ரமின் என்ற மருந்தை மறைத்துக் கலந்திருப்பதைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 2010இலேயே சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. உங்கள் பைக்கற்றில் என்ன இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லக்கூட யாரும் பொறுப்பேற்காத பொருளை உடம்புக்குள் விடவேண்டாம். பைக்கற்றைக் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சாமத்திய வீடு

குசினிப் பக்கம் போகாமல் இருக்கலாமா என்று கேட்டீர்கள். போகவேண்டும் என்பதே என் பதில். மகளின் சாமத்திய வீட்டுக்கு அயலட்டைப் பெண்கள் கூடி இரவிரவாகப் பலகாரம் சுடும்போது தாய் அறைக்குள் ஒளிந்திருந்தால், அந்த நினைவு உங்களுக்கும் மகளுக்கும் நல்லதாக இருக்காது.

அன்று காலையிலும் மத்தியானமும் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இருக்கவேண்டாம். சுடச்சுட ஒவ்வொன்றாக வாயில் போடுவதுதான் கணக்குத் தெரியாமல் போகும் இடம். உப்பு, இனிப்புப் பார்க்கிற வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு எல்லாரும் தேத்தண்ணி குடிக்க இருக்கும்போது ஒரு பிளேற்றில் உங்களுக்குப் பிடித்ததில் இரண்டை வைத்து, மற்றவர்களோடு இருந்து, லைற் வெளிச்சத்தில் சாப்பிடுங்கள். பயத்தம் பணியாரமா அரியதரமா என்று தெரிவுசெய்யுங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் என்று போகவேண்டாம். விழா முடிந்து மிஞ்சும் பலகாரத்தை அன்றைக்கே சுற்றி வீடு வீடாகக் கொடுத்தனுப்புங்கள். எப்படியும் அதுதானே எங்கள் வழக்கம். பெரிய ரின்னில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தால் அது பிள்ளைகள் படுத்த பிறகு உங்களைத்தான் கூப்பிடும்.

வருகிற சொந்தக்காரர் யாராவது "என்ன பிள்ளை, நல்லாக் கொழுத்திட்டாய்" என்று கேட்கத்தான் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற மச்சாள் நிச்சயம் கேட்பார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். விளக்கம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "ஓம், கிளினிக்கில பாத்துக்கொண்டிருக்கிறன், வாங்கோ முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ" என்றால் பேச்சு முடிந்தது. மாமி இன்னும் ஒரு அகப்பை போட வந்தால் அவர் மனம் நோகாமல் மறுப்பது கடினம் என்பதை ஏற்கிறேன். "மாமி, அப்பாவுக்குக் கால் எடுத்தது உங்களுக்குத் தெரியும்தானே, எனக்கும் சீனி எட்டிப் பாக்குதாம்" என்று ஒருமுறை தனியே உட்கார்ந்து உண்மையைச் சொல்லிப் பாருங்கள். அன்பினால் போடுகிறவர்கள் காரணம் தெரிந்தால் அன்பினாலேயே நிறுத்துவார்கள்.

மகளைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. உங்கள் கடிதத்தில் ஒரு இடத்தில், அவள் கண்ணாடிக்கு முன்னால் நின்று "அம்மா, நானும் குண்டோ?" என்று கேட்டதாகவும், இரண்டு நாள் பாடசாலைக்குச் சாப்பாடு கொண்டுபோகவில்லை என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். 12, 13 வயதில் எலும்பும் இரத்தமும் வளர்கிற நேரத்தில் பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது. மாதவிடாய் தொடங்கிய பிள்ளைக்கு இரும்புச்சத்தும் கூடுதலாகத் தேவை. அவள் உங்களைப் பார்த்துத்தான் படிக்கிறாள். அவளுக்கு முன்னால் உங்கள் உடம்பைத் திட்டுவதை இன்றோடு விடுங்கள். "கேக் சாப்பிட்டிட்டன், நாளைக்குப் பட்டினி" என்ற வசனம் அவள் காதில் விழவேண்டாம். இரவு அவளோடு இருந்து சாப்பிடுங்கள். இரண்டு நாள் வாரக்கணக்காக நீண்டால் அவளையும் காட்டுங்கள்.

நடையைப் பற்றி: வாய்க்கால் கரையில் தனியே நடந்தால் ஊர் கதைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கதைக்குப் பயந்து எத்தனை பெண்கள் வீட்டுக்குள் இருந்தே நோயாளியாகிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், அல்லது பக்கத்து வீட்டு அக்காவை. வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணித்தியாலம், மூச்சு வாங்கினாலும் பேசக்கூடிய வேகத்தில். இரண்டு பெண்களாக நடந்தால் கதைக்கிற வாய் பாதியாகக் குறையும்.

தராசில் வாரத்துக்கு ஒருநாள் மட்டும் ஏறுங்கள், விழா முடிந்த வாரத்தில் ஏறவே வேண்டாம். மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றுச் சீனியோடு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையையும் எழுதித் தரும்படி கிளினிக்கில் கேளுங்கள். இடுப்புச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குக் கீழே வருவது நல்லது, ஆனால் இப்போதிருப்பதிலிருந்து நான்கு ஐந்து குறைந்தாலே முன்னேற்றம்தான். பரிசோதனைக்கு முதல்நாள் இரவு வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுப் பிறகு தண்ணீர் மட்டும் குடியுங்கள். காலையில் பஸ்சில் போய் வரிசையில் நின்று இரத்தம் கொடுத்து முடிய ஒன்பது, பத்து மணியாகிவிடும். ஆகவே காலைச் சாப்பாட்டைக் கட்டிக் கையோடு கொண்டுபோங்கள், இரத்தம் எடுத்ததும் அங்கேயே வாங்கில் இருந்து சாப்பிடுங்கள்.